பஸ்ரா ஆற்றில் நின்ற கப்பல்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் முதலில் சர்க்கரை, பிறகு முழங்கால், அதற்கப்புறம்தான் பழைய கதை. எனக்கும் சர்க்கரை இருக்கிறது, முழங்கால் போய்விட்டது, கதையும் ஒன்று இருக்கிறது. இதுவரை வெளி ஆட்கள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடிக்கிறவரைக்கும் "சின்னப் பிள்ளைதானே, பாவம், அதுக்கு என்ன தெரியும்" என்று யாரும் இடையில் வரவேண்டாம். அதை எனக்கு நானே நிறையத் தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. ஒன்றும் எடுபடவில்லை.

திருநெல்வேலியும் தூத்துக்குடியும் ஒரே ஜில்லாவாக இருந்த காலம். எங்கள் ஊர் குலசேகரன்பட்டினத்துக்குச் சற்று வடக்கே, கடலோரம். எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. அப்பா சரக்குக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற வேலையில் இருந்தார். வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில், இரண்டு மாதம் வீட்டில். அந்த இரண்டு மாதமும் அவர் மேல் டீசலும் வாசனைச் சோப்பும் கலந்து மணக்கும். கப்பலுக்குத் திரும்பிப் போன பிறகும் பத்துப் பதினைந்து நாள் அந்த மணம் தலையணையில் இருக்கும். அம்மா அந்த உறையை உடனே துவைக்க மாட்டாள்.

பஸ்ரா எங்கள் ஊருக்குப் புதிய பெயர் இல்லை. முத்துக் குளித்த வம்சம் என்பதால் கிழவிகளுக்கெல்லாம் பஸ்ரா முத்து தெரியும். கல்யாண வீட்டில் யார் காதிலாவது ஒன்று தொங்கினால் "அசல் பஸ்ராவாக்கும்" என்று தொட்டுப் பார்ப்பார்கள். அப்பா முந்தைய தடவை அங்கே போய் வந்தபோது முத்தெல்லாம் வாங்கவில்லை, ஒரு தகர டப்பா நிறையப் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார். மூடியில் ஒட்டகமும் ஈச்ச மரமும் போட்டிருக்கும். பழம் மூன்று நாளில் தீர்ந்தது. அம்மா டப்பாவில் புளி அடைத்து வைத்தாள். அந்தப் புளிக்குக் கடைசிவரை ஒரு தித்திப்பு இருந்தது என்று நான் சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். டப்பா எந்த வெள்ளையடிப்பில் தொலைந்ததோ தெரியாது.

அந்த வருஷம் குலசையில் தசரா மேளம் தொடங்கிய சமயத்தில்தான் சண்டையும் தொடங்கியது. காளி வேஷமும் குரங்கு வேஷமும் போட்டவர்கள் தட்டை ஏந்திக்கொண்டு எங்கள் தெருமுனை வரைக்கும் வருவார்கள். நாங்கள் வேதக்காரப் பிள்ளைகள், கிறிஸ்தவர்கள், என்றாலும் பின்னாலேயே ஓடுவோம். அப்படி ஓடிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் பெரியப்பா வீட்டு வாசலில் கூட்டம். ரேடியோவில் செய்தி. ஈரானும் ஈராக்கும் அடித்துக்கொள்கின்றன, பஸ்ரா ஆற்றில் நின்ற கப்பல்களெல்லாம் வெளியே வரமுடியாமல் மாட்டிக்கொண்டன. அப்பாவின் கப்பல் அந்த ஆற்றில்தான் சரக்கு இறக்கக் காத்து நின்றது. அந்தத் துறைமுகத்துக்குக் கடலிலிருந்து ஓர் ஆறு வழியாக உள்ளே போகவேண்டும் என்பதே எங்களில் பலருக்கு அன்றுதான் தெரியும்.

பெரியப்பா, அப்பாவுக்கு மூத்தவர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டியவர். தோணியின் தலைவரை எங்கள் பக்கம் தண்டல் என்போம். இருபது வருஷம் தண்டலாக இருந்து, கட்டை விழுந்து இடுப்பு முறிந்த பிறகுதான் கரையில் உட்கார்ந்தார். கடலைப் பற்றி அவர் ஒன்று சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது. அன்றும் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

"கடல்ல நிக்கிற கப்பலுக்குத்தாம்வே பயம்," என்றார். "காத்து உண்டு, பாறை உண்டு. ஆத்துக்குள்ள கெடக்க கப்பலு தொட்டில்ல கெடக்க பிள்ள மாதிரில்லா. சண்ட ரெண்டு மாசத்துல ஓஞ்சிரும். தம்பி நல்லா தின்னு ஒறங்கிட்டு வருவான், பாத்துக்கிடுங்க."

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. அம்மா மட்டும் கதவோரம் நின்றவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, பெரியப்பாவிடம் பைய கேட்டாள்.

"கடல்னா நாலு பக்கமும் ஓடலாம் அத்தான். ஆத்துல முன்ன போணும், இல்லன்னா பின்ன போணும். ரெண்டையும் அடைச்சிட்டா எங்கன போவாவ?"

அம்மா கடற்கரைக்காரி இல்லை. ஏரலுக்குப் பக்கத்தில் ஆற்றோரம் வயல்வேலை பார்க்கிற வீட்டில் பிறந்தவள். அவர்களும் வேதக்காரர்கள்தான், ஆனால் அம்மா கடலைப் பார்த்ததே கல்யாணத்துக்கு அப்புறம்தான். அதைச் சொல்லிச் சொல்லி எங்கள் ஊர் அவளைக் கேலி செய்து அலுக்கவில்லை.

"ஏளா, ஒங்க ஏரல் ஆத்துல முழங்காலுக்குத் தண்ணி கெடக்கும். அதுல நீ எரும குளிப்பாட்டுன கதைய இங்க வந்து சொல்லாத," என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தக் கூட்டத்தில் ஆற்றைத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பது எனக்கு உறைக்க எத்தனையோ வருஷம் ஆயிற்று.

வெட்கக்கேடான ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் உலகப் படத்தைச் சுவரில் மாட்டி, என்னைக் கூப்பிட்டு, என் விரலைப் பிடித்து ஒரு நீலக்கோட்டின் மேல் வைத்தார்கள். "இவ அப்பா இந்த எடத்துலதான் இருக்காவ. குண்டுக்கு நடுவுல கப்பலக் காத்துக்கிட்டு நிக்காவ. எல்லாரும் வேண்டிக்கிடுங்க," என்றார்கள். அன்று மத்தியானமே என் மடியில் நெல்லிக்காயும் மாங்காய்க் கீற்றுமாகச் சேர்ந்தன. பாண்டி ஆட்டத்தில் என்னைச் சேர்க்கவே சேர்க்காத ஒருத்தி "மொத ஆட்டம் நீ ஆடுட்டி" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் "போரில் சிக்கியிருக்கும் நம் சகோதரருக்காக" என்று சொல்லும்போது கோயிலே திரும்பி என்னைப் பார்க்கும். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வேன். அதற்கு வீட்டில் கண்ணாடி முன்னால் பழகியும் இருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. நகரத்தைச் சுற்றிச் சண்டை நெருங்கிவிட்டது, கப்பல் இனி இப்போதைக்கு நகராது. பாதிப் பேரைத் தரைவழியாகக் குவைத்துக்குக் கொண்டுபோய் ஊருக்கு அனுப்புகிறார்கள். கப்பலைப் பார்த்துக்கொள்ள ஏழெட்டுப் பேர் வேண்டும். இருப்பதா இறங்குவதா என்று அவரவரே சொல்லலாமாம். "நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டிலிருந்து என்ன எழுதுகிறீர்களோ அதன்படி செய்கிறேன்" என்று முடித்திருந்தார்.

கப்பலுக்குக் கடிதம் எழுதுவது எங்கள் குடும்பத்தில் தனி ஆள் வேலை இல்லை. சாயங்காலம் செபமாலை முடிந்ததும் எல்லோரும் ஒரே இடத்தில் உட்காருவார்கள். மூத்தவர் முதலில் சொல்லுவார், அப்புறம் வயது வரிசையில் ஆளுக்கு இரண்டு வரி. எழுதி முடித்ததும் முழுவதையும் உரக்க வாசிக்க வேண்டும். பிறகு விடியும்வரை மாதா சுரூபத்தின் காலடியில் வைத்திருந்து, காலையில் தபாலில் போட என்னிடம் கொடுப்பார்கள். ஒரு பெண்டாட்டி புருஷனுக்குத் தனியாக எழுத என்ன இருக்கப்போகிறது என்பது அவர்கள் நினைப்பு. அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும், எழுதவோ வாசிக்கவோ வராது. என் எழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் எழுதுகிற வேலை எனக்கு.

அன்று பெரியப்பா நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நான் அதை நல்ல தமிழாக்கி எழுதினேன். ஆளில்லாத கப்பலை அனாதையாக விட்டுவிட்டு இறங்கியவன் என்ற பெயர் நமக்கு வேண்டாம். நம் குடும்பத்தில் ஒருவனும் அப்படி இறங்கியதில்லை. ஆற்றுக்குள் ஒரு பயமும் இல்லை, தைரியமாக இருந்து வா. அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அம்மாவின் முறை வந்தது.

"நான் என்னத்தச் சொல்ல? பிள்ள நல்லா படிக்கான்னு எழுதுட்டி," என்றாள்.

மறுநாள் காலையில் எனக்குச் சடை பின்னும்போதுதான் வாயைத் திறந்தாள். தலைமயிரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில் குனிந்து பேசினாள்.

"ஏட்டி, அந்தக் கடுதாசி இன்னும் ஒட்டல. அடியில எடம் கெடக்குல்லா?"

"கெடக்கும்மா."

"பள்ளிக்கூடத்துல போயி அதுல எழுது. 'அம்மா வரச் சொல்லுதா. யாரு என்ன சொன்னாலும் சரி, கப்பல விட்டு எறங்கி வந்திருங்க.' அவ்ளோதான். எழுதி ஒட்டிப் பெட்டியில போட்டுரு. பெரியப்பாட்ட மூச்சு விட்டுராத."

நீல விமானத் தபால் தாளில் அரசாங்கம் தடவி வைத்திருக்கிற பசையை எங்கள் வீட்டில் நம்புவதில்லை. அதனால் ஒரு இலைத் துணுக்கில் நாலு பருக்கை சோற்றைப் பொதிந்து என் கையில் வைத்து அழுத்தினாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

எழுதத்தான் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வகுப்பில் யாரும் வருவதற்கு முன் பேனாவைத் திறந்து கடிதத்தை விரித்துவிட்டேன். அப்போதுதான் அந்தப் பாண்டி ஆட்டக்காரி உள்ளே வந்து, "கிறிஸ்மஸ் நாடகத்துல ஒன்னத்தான் மாதாவாப் போடப்போறாவளாம், டீச்சர் சொன்னாவ. ஒங்க அப்பா குண்டுக்குள்ள இருக்காவல்லா, அதுக்குத்தான்," என்றாள். வருஷா வருஷம் நான் ஆட்டுக்குட்டி வேஷத்துக்குத்தான் லாயக்கு. அப்பா வந்துவிட்டால் மறுபடியும் ஆட்டுக்குட்டிதான். அடுத்த கடிதத்தில் எழுதினால் போயிற்று என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் என்ன வந்துவிடப் போகிறது, பெரியப்பாவே பயமில்லை என்றுதானே சொன்னார். பேனாவை மூடினேன். சோற்றைத் தேய்த்து ஒட்டி, மத்தியானம் தபாலாபீஸில் விலாசம் எழுதி வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "எழுதிட்டியாட்டி?"

"எழுதிட்டேன்."

அவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து முத்தம் கொடுத்தாள். ஒரு துண்டு கருப்பட்டி தந்தாள். அதையும் தின்றேன்.

நாடகத்தில் மாதாவாக நடித்தேன். நன்றாகச் செய்தேன் என்றார்கள்.

தைப் பொங்கல் கழிந்த பிறகு ஒரு செய்தி வந்தது. அப்பாவின் கப்பலில் சமையல்காரராக இருந்தவர் இறங்கி ஊருக்கு வந்துவிட்டார், அவருக்கு ஏரல்தான் சொந்த ஊர் என்றார்கள். அம்மா அன்றைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். அவர் பனியனோடு வந்து கதவைத் திறந்தார். வெளியே யாரோ தகரத்தைப் போட்டுவிட்ட சத்தத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்தபடியே துள்ளினார், பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

"சுத்தி அடைச்சிக்கிட்டு வாரானுவ தங்கச்சி," என்றார் அம்மாவிடம். "ஆத்து வாயில கப்பலு முங்கிக் கெடக்கு, வெளிய வழி கெடையாது. அந்தப் பக்கத்துல இருந்து அவன் போடுதான், இந்தப் பக்கத்துல இருந்து இவன் போடுதான், நாங்க நடுவுல. ஊருக்குள்ள ஒரு வெளக்கு எரியாது. ஈச்ச மரத்துக்கெல்லாம் தலையக் காணும், மொட்டத் தூணால்லா நிக்கி. ஆத்துத் தண்ணியக் காய்ச்சித்தான் சோறு பொங்குனேன். அந்தத் தண்ணியில என்னெல்லாம் மெதந்து வந்திச்சின்னு மட்டும் கேக்காத."

"அவிய ஏன் ஒங்ககூட வரல?" என்றாள் அம்மா.

"நான் கூப்பிட்டேனே. கையப் பிடிச்சி இழுக்காத கொறதான். வீட்டுக் கடுதாசி வரட்டும், அதுல என்ன எழுதியிருக்காவளோ அப்படின்னு சொல்லிட்டாரு. இன்னும் ஒரு வண்டி ஆளு எறங்குவாவ தங்கச்சி. அதுல வந்திருவாரு."

அம்மா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் அவளும் மட்டும் சேர்ந்து செய்த காரியம் ஒன்று இருக்கிறதல்லவா, அந்தச் சிரிப்பு. திரும்பி வரும்போது பஸ்ஸில் வாந்தி எடுத்தேன். அவள் என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னேரம் கையில கெடச்சிருக்கும்ட்டி. பொறப்பட்டிருப்பாவ," என்றாள். ஆற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். பாலம் தாண்டிவிட்டது.

மறுநாளே நோட்டுத் தாளில் "அப்பா, அம்மா வரச் சொல்லுகிறாள், உடனே வந்துவிடுங்கள்" என்று எழுதி எடுத்துக்கொண்டு தபாலாபீஸுக்குப் போனேன். கப்பலின் விலாசத்தை இங்கிலீஷில் எழுதித் தருகிறவர் அங்கே இருந்த அண்ணாச்சிதான். அவர் என் தாளை வாங்கவே இல்லை. "பஸ்ராவுக்குத் தபால் எடுக்கதில்லம்மா. நிப்பாட்டச் சொல்லி உத்தரவு வந்துட்டு. சண்ட ஓயட்டும், கொண்டா," என்றார். அந்தத் தாளைக் கிழித்துக் கடலில் போட்டேன். அலை பாதியைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டது, பொறுக்கி மறுபடியும் போட்டேன்.

இன்னொரு வண்டி ஆட்கள் வந்தார்கள் என்று கேள்விப்பட்டோம். அப்பா அதில் இல்லை. பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ரேடியோதான். செய்தி நேரத்தில் பெரியப்பா வீட்டில் யாரும் இருமக்கூடாது. பஸ்ரா என்ற சொல் வந்த நாளில் அம்மா சாப்பிட மாட்டாள், வராத நாளிலும் சாப்பிட மாட்டாள். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. நெல்லிக்காய் நின்றுபோயிற்று, கோயிலில் சாமியாரும் அந்த வேண்டுதலை விட்டுவிட்டார். அடுப்படியில் அம்மா என்னிடம் மட்டும் கேட்பாள், "நான் வரச் சொன்னேம்லாட்டி, ஏன் வரல? படிச்சிருப்பாவல்லா?" நான் தேங்காய் திருவிக்கொண்டே இருப்பேன்.

தந்தி வந்தது. கப்பலின் பின்பக்கத்தில் குண்டு விழுந்தது, அப்பா ஆஸ்பத்திரியில். தபால்காரர் வாசித்து முடித்ததும் பெரியப்பா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடலில் எத்தனையோ பேரைப் பறிகொடுத்தவர், அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "நான்தாம்ளா இருக்கச் சொன்னேன். ஆறுதானன்னு நெனச்சிட்டேன். என்னையச் செருப்பால அடிளா," என்றார் அம்மாவைப் பார்த்து. அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வெயில் காலத்தில் திருநெல்வேலி ஜங்ஷனில் அப்பாவைக் கூட்டப் போனோம். பம்பாயிலிருந்து வந்தவர் ஒரு பையோடு இறங்கினார். கழுத்து மெலிந்து, இடது கையில் இரண்டு விரல் இல்லாமல் இருந்தார். இடது காது அறவே கேட்காது. நான் இடப்பக்கம் நின்று "அப்பா" என்றேன், அவர் கூட்டத்தில் வேறு எங்கோ என்னைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல், சத்தம் போட்டு அழுதாள்.

நாலாம் நாள் மத்தியானம். விசாரிக்க வந்தவர்களெல்லாம் போன பிறகு அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அம்மா வலப்பக்கமாக உட்கார்ந்து பரிமாறினாள். நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள். "அத்தான் இருக்கச் சொன்னாவ, சரி. அதே கடுதாசியில நான் வரச் சொல்லியிருந்தேம்லா. ஏன் வரல?"

அப்பா சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். "நீ எப்பம்..." என்று ஆரம்பித்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. செம்பு சாய்ந்து தண்ணீர் என் பாவாடையில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கவளம் விழுங்குகிற நேரம் பார்த்திருப்பார்.

"பாத்தேன்," என்றார் அம்மாவிடம். "அண்ணன் சொல்லத் தட்ட முடியல."

"அப்பம் எஞ்சொல்லு?"

அப்பா குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

"சரி," என்றாள் அம்மா. குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

சண்டை சச்சரவு எதுவும் நடக்கவில்லை. மருத்துவச் சோதனையில் தேறாததால் அப்பா பிறகு கப்பல் ஏறவில்லை, உப்பளத்தில் காவல் வேலைக்குப் போனார். அம்மா வேளா வேளைக்கு அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சல் வந்தால் பத்துப் போட்டாள். பேச்சு மட்டும் என் வழியாகத்தான். "ஒங்க அப்பாட்ட சொல்லு, சோறு ஆறுது." "ஒங்க அப்பாட்ட கேளு, காலைல எத்தன மணிக்குப் போணும்னு." வேண்டாத நேரத்தில் ஒரு வார்த்தை கிடையாது, ஒரு சிரிப்புக் கிடையாது. பெரியப்பாவை மன்னித்துவிட்டாள். அவர் சாகும்போது அவள்தான் வாயில் பால் ஊற்றினாள். அப்பாவை மட்டும் மன்னிக்கவில்லை. குண்டுக்கு நடுவில் இருந்த மனிதனை நான் கூப்பிட்டேன், என் சொல்லை வாசித்துவிட்டு அண்ணன் சொல்லை எடுத்துக்கொண்டான், பிறகு என்ன என்பது அவள் கணக்கு.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பன்னிரண்டு வயதில் அடிக்குப் பயம். இருபது வயதில் வெட்கம். அதற்குமேல், இவ்வளவு நாள் கழித்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற சாக்கு. என் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரே ஒரு தடவை அப்பாவிடம் போனேன். "அப்பா, அந்தக் கடுதாசி..." என்று தொடங்கினேன். அவர் கேட்காத காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, பந்தல்காரனிடம் வாழை மரம் எங்கே கட்ட வேண்டும் என்று சொல்லப் போய்விட்டார்.

அப்பா சில வருஷத்துக்கு முன்னால் போய்ச்சேர்ந்தார். தூக்கத்திலேயே போனார், நல்ல சாவு என்றார்கள். நாற்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலையில், அம்மா அவருடைய பெட்டியைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். சட்டைகளுக்கு அடியில் ஒரே ஒரு நீலக் கடிதம். கப்பலில் இருந்த மற்றதெல்லாம் எரிந்துபோக, குண்டு விழுந்த அன்று சட்டைப்பையில் இருந்ததால் தப்பியது அது ஒன்றுதான்.

"வாசி," என்றாள்.

என் குண்டு எழுத்து மங்கிப்போயிருந்தது. பெரியப்பா சொன்னதையெல்லாம் வாசித்தேன். மற்றவர்கள் சொன்னதையும் வாசித்தேன். பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்பதையும் வாசித்தேன்.

"பொறவு?" என்றாள் அம்மா. "நான் சொன்னத வாசி. அத ஒருக்கா கேக்கணும்."

அந்த வரி என் வாய்க்குள் தயாராக இருந்தது. எனக்கு மனப்பாடம். சொல்லியிருந்தால் அவளுக்குத் தெரியவே தெரியாது, அப்பாவும் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. தெருவில் மீன்காரி சாளை சாளை என்று கூவிக்கொண்டு போனாள். அந்தச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை நான் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொறவு ஒண்ணும் இல்லம்மா. நான் எழுதல."

அம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினாள். அடியில் இருந்த வெற்றிடத்தை விரலால் தடவினாள். "இங்கனயா எழுதச் சொன்னேன்?"

"ஆமா."

"அப்பம் அவிய என்னத்தப் பாத்தாவ?"

"ஒண்ணும் பாக்கலம்மா. எனக்காகச் சொன்னாவ."

அம்மா விரலை அந்த இடத்திலிருந்து எடுத்தாள். பிறகு, "முப்பத்தேழு வருஷம்ட்டி," என்றாள். நான்தான் அழுதேன், அவள் அழவில்லை. "அழாத," என்றாள், அதட்டலாக. கடிதத்தை மடித்தாள், மறுபடியும் விரித்தாள்.

"பத்து வயசுல செஞ்சத அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு அடி அடிச்சிட்டு விட்டிருப்பேன். அவிய உசுரோட இருக்கும்போதாவது சொல்லியிருக்கலாம்லாட்டி? ஒரு நாளாவது நான் அவிய மொகத்தப் பாத்துச் சிரிச்சிருப்பேன்லா?"

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். நேற்றும் அதையே கேட்டாள்.